சோடி மூச்சு

கீழூரில் யாரும் பெருமூச்சு விடுவதில்லை. விட்டால் பக்கத்தில் இருப்பவர், "யாரு வூட்டுச் சுண்ணாம்புங்க?" என்று கேட்டுவிடுவார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், ஆனாலும் கேட்டுவிடுவார்.

மகிழினிக்கு இந்தக் கேலி அலுத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. காலையில் எழுந்ததும் கொக்கித் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் தொங்கும் சுண்ணாம்புத் தட்டை இறக்கி எடை பார்க்க வேண்டும். பழைய தட்டை வண்டியில் ஏற்றிப் புதுத் தட்டை மாட்ட வேண்டும். எடை சரியாக இருந்தால் அடுத்த வீடு. கூடுதலாக இருந்தால், அந்த வீட்டில் கணக்கில் இல்லாத ஆள் ஒருவர் மூச்சு விடுகிறார் என்று அர்த்தம். அதை ஆபீசில் சொல்ல வேண்டும். ஊரில் அவளைக் கண்டவர்கள் எல்லோரும் வாய் நிறைய "வாங்கக்கா" என்பார்கள், வீட்டுக்குள் மட்டும் கூப்பிட மாட்டார்கள். போலீஸ்காரருக்குக் கிடைக்கிற மரியாதைதான் அவளுக்கும் கிடைத்தது.

கீழூர் முன்பு ஒரு சுரங்கம். சங்ககிரிப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றைக் குடைந்து சிமெண்டுக்குக் கல் எடுத்தார்கள். கல்லெல்லாம் பாலமாகவும் மாடிவீடாகவும் போய்ச் சேர்ந்தது. பிறகு வெயில் ஆளை உயிரோடு விடாத காலம் வந்தபோது, காலியான பொந்துக்குள் ஜனங்கள் குடியேறினார்கள். மாசியில் பெரிய கதவை அடைத்தால் ஐப்பசி மழைக்குத்தான் திறப்பார்கள். உள்ளே குளிர் மெஷின் ஓடும். திறந்து வைத்தால் அனல் உள்ளே வந்துவிடும் என்பதால், அடைத்த காற்றையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து மூச்சு விட வேண்டியதுதான்.

மகிழினியின் மருமகன் அங்கமுத்து போன மழைக்காலத்தில்தான் கல்யாணம் முடித்து இறங்கி வந்தவன். அவள் வீட்டுக்காரர் இறந்து காலியான இடத்தில்தான் அவனை எடுத்துக்கொண்டார்கள். மாமனார் மூச்சில் மருமகன் வாழ்கிறான் என்று ஊர் கேலி பேசியதைப் பாவம் அவன் நெஞ்சில் போட்டுக்கொண்டான். அதனால் எதைப் பார்த்தாலும் சந்தேகம் கேட்பான்.

"ஏனுங்கத்த, பொறக்கப்போற புள்ள எவ்வளவு மூச்சு விட்டுறப் போவுது? ஒரு கைப்பிடி சுண்ணாம்பு பத்தாதுங்களா?"

வள்ளிக்கு அப்போது மாதம் நிறைந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கால் வீக்கத்தைத் தடவிக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

"புள்ள வளருமில்ல மாப்ள. அதனால பொறந்த அன்னிக்கே முழு ஆளாத்தான் கணக்கு" என்றாள் மகிழினி. "சுட்ட சுண்ணாம்பு நாம விடற கெட்ட காத்தக் குடிச்சுக்கும். குடிச்சா மறுபடியும் கல்லாயிரும். கல்லானா கனம் ஏறும். அந்தக் கனத்தத்தான் நான் தெனமும் தூக்கிப் பாக்கறேன். அந்தக் கல்ல மேல அனுப்பிக் காளவாயில சுட்டா, குடிச்ச காத்தக் கக்கிட்டுத் திரும்பச் சுண்ணாம்பாயிரும்."

"கக்குன காத்து எங்கீங்க போவும்?"

"மேலதான் போவும். வேற எங்க போவும்?"

அங்கமுத்து கூரையை அண்ணாந்து பார்த்தான். மேலே வெயில் ஏறுவதற்குக் காரணமே அந்தக் காற்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான் போலிருக்கிறது. அதைக் கேட்கவில்லை. "அப்ப இன்னொரு காளவாய் போட்டு இன்னுங் கொஞ்சம் சுட்டுக்க வேண்டியதுதானுங்களே" என்றான்.

"எதைச் சுடறது? கல்லு எங்க இருக்குது? அதையேதான் சுட்டுச் சுட்டுப் போடறோம். ஒவ்வொரு சூட்டுக்கும் சுண்ணாம்பு களைச்சுப்போவுது மாப்ள. மொதல்ல கடகடன்னு குடிச்சது, இப்ப மொண்டு வெச்சாலும் பாதிதான் குடிக்குது. வருசா வருசம் எடத்தக் கொறைக்கறாங்க. புதுசா யாராச்சும் வரோணும்னா யாராச்சும் போவோணும்."

"போவோணும்னா சாவோணுங்களா?"

"செத்தாலும் போனதுதான். மேல ஏறுனாலும் போனதுதான். கதவடைச்ச பெறவு ஏறுனவங்கள மழ வர்ற வரைக்கும் எறக்க மாட்டாங்க."

வள்ளி வாய் திறந்தாள். "எடம் கெடைக்காட்டி நானும் புள்ளையும் ஏறோணும். அதானம்மா?"

மேலே காளவாய்க்காரர்களுக்கு ஒரு கொட்டகை உண்டு. ஈரச் சாக்கு கட்டி, கல் குவியலின் நிழலில் பகலைக் கழிப்பார்கள். உரமேறிய ஆட்களே கத்திரியில் சுருண்டு விழுகிற இடம் அது. பச்சைப்பிள்ளையை அங்கே கொண்டுபோவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

"உம் புள்ளதான் வரிசைல மொதல்ல இருக்குது கண்ணு" என்றாள் மகிழினி. "ஒரு எடம் காலியானாப் போதும்."

"இல்லீன்னா சோடி மூச்சு அமையோணும்" என்றாள் வள்ளி. அங்கமுத்து விழித்தான். அவனுக்கு அவளே சொன்னாள். ஒருவர் போன அன்றைக்கே ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால், போன மூச்சு அந்தப் பிள்ளைக்கே சேரும். அதற்கு வரிசையும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. ஆபீசரே நினைத்தாலும் மாற்ற முடியாது. கீழூர் தொடங்கிய நாளில் போட்ட விதி அது. போன ஒன்றும் வந்த ஒன்றும் அன்றைக்கே நேராகிவிடுவதால், யாருக்கும் நஷ்டமில்லை என்று வைத்தார்கள்.

"அதுக்காக அன்னிக்குப் பாத்து ஒருத்தர் சாவோணும்னா வேண்டிக்க முடியும்?" என்று மகிழினி எழுந்துவிட்டாள். வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். அதுவும் அவளுக்கு அலுப்பாக இருந்தது.

கடைசிச் சந்தின் முனையில் கோகுல்நாத் வீடு. பெயரைக் கேட்டால் காலேஜ் பையன், ஆளைப் பார்த்தால் பழுத்த கிழம். மனைவி பெயர் மோனிஷா. ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்களாம். இப்போதைய பிள்ளைகள் வள்ளி, அங்கமுத்து என்று பெயர் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கோகுல்நாத்துக்கு நெஞ்சில் கோளாறு. நாலு வார்த்தை பேசினால் இருமல் வந்துவிடும். ஆனால் தட்டெடுக்கப் போகும்போதெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன மகிழு, இன்னிக்கு நான் எவ்வளவு கனம்?" என்று கேட்காமல் விடமாட்டார்.

அந்த வாரம் நாற்காலி காலியாக இருந்தது. தட்டை இறக்கித் தராசில் மாட்டினாள். முள் பாதியிலேயே நின்றது.

சுண்ணாம்பு களைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள், வண்டியைத் திருப்பும்போது ஏதோ தோன்றி, தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளித் தரையில் போட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினாள். கல்லாகிப்போன சுண்ணாம்பாக இருந்தால் நனைந்து சும்மா கிடக்கும். களைத்த சுண்ணாம்பாக இருந்தால் மனசில்லாமல் லேசாக முணுமுணுக்கும். இதுவோ சீறிக்கொண்டு பொங்கியது. ஆவி எழுந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை.

சுண்ணாம்பில் குறையே இல்லை. நல்ல பசியோடுதான் இருந்தது. அதற்குத் தீனி போட இந்த வீட்டில் ஓர் ஆள் குறைவு.

மோனிஷா கதவைப் பாதி திறந்து நின்றாள். தரையில் பொங்கிக்கொண்டிருந்த வெள்ளையைப் பார்த்தாள், பிறகு மகிழினியைப் பார்த்தாள்.

"அண்ணன் எங்கீங்க்கா?"

"தூங்கறாரு மகிழு."

"நேத்தும் தூங்கிட்டிருந்தாருங்களே."

"நேத்தும் தூங்குனாரு. ஒடம்புக்கு முடியலீல்ல."

உள்ளே இரண்டு தட்டுகளில் களி போட்டு வைத்திருந்தது தெரிந்தது. இரண்டிலும் கை வைத்த அடையாளம் இல்லை. மகிழினிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன வாரம் மோனிஷா அவளிடம் ஒரு டப்பா சுட்ட சுண்ணாம்பு கேட்டு வாங்கியிருந்தாள். செவுத்துல பூசறதுக்கு என்று சொன்னாள். செத்த உடம்பு நாறாமல் இருக்கச் சுண்ணாம்பு போட்டு மூடுவார்கள் என்பது கீழூரில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"புது வேட்டி ஏதும் வேணுங்களாக்கா?" என்றாள் மகிழினி. ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே புரியவில்லை.

மோனிஷா முகம் சுருங்கியது. "இன்னும் கொஞ்ச நாளைக்கு எதுவும் கேக்காத சாமி" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

வண்டியை உருட்டிக்கொண்டு போகும்போது மகிழினிக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. கிழவர் போய்விட்டார். சொன்னால் தனி வீட்டைப் பிடுங்கிக்கொண்டு பொதுக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மோனிஷா பிணத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். பாவம்தான். தன் வீட்டுக்காரர் போனபோது இவளுக்கும் அந்தப் புத்தி வந்திருந்தால் தப்பில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் அங்கே ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. ஒரு முழு மூச்சு, யாருக்கும் ஆகாமல், தட்டில் பொங்கிக்கொண்டு கிடக்கிறது. வள்ளியின் பிள்ளை வரிசையில் முதல்.

அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. பல வீடுகளில் தட்டு கனமாக இருந்தபோது, தூக்கும் சாக்கில் அடியில் விரல் கொடுத்து எடையைக் குறைத்திருக்கிறாள். ஊரில் அதற்கு "விரல் குடுக்கறது" என்றே பெயர். யாருக்குக் கொடுத்தாள், எத்தனை நாள் கொடுத்தாள் என்று அவள் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் இந்த முறை விரல் கொடுத்தால் அது பேரப்பிள்ளையின் கழுத்தில் கொடுத்தது போல ஆகிவிடுமே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஆபீசர் நிவேதனுக்கு அவள் மகன் வயசு. எப்போதும் தூக்கம் போதாத முகம். அவள் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"நெசமாவாங்க்கா? நல்லாப் பாத்தீங்களா?"

"தண்ணி ஊத்திப் பாத்தேனுங்க தம்பி."

"அப்பாடா" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க. மேட்டூர்லருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கோம். நம்ம குளிர் மெஷின் எப்ப வேணா நிக்கும்ங்கற நெலம. அவர உள்ள எடுக்க எடமில்லாம முழிச்சிட்டிருந்தேன்."

மகிழினிக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரிசைல மொதல்ல எம் பேத்தியோ பேரனோ இருக்குதுங்க தம்பி."

"தெரியுங்க்கா. மறந்துட்டுப் பேசல." நிவேதன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "மெஷின் நின்னுருச்சுன்னா அந்த வரிசைல யாரும் இருக்க மாட்டாங்க. நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவன் சொன்னது நியாயம். அதுதான் அவளைக் கொன்றது. அநியாயமாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியாவது இருக்கலாம். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மத்தியானமே ஆட்கள் போய்க் கோகுல்நாத் வீட்டைத் திறந்தார்கள். கட்டிலில் யாருமில்லை, கட்டிலுக்கு அடியிலும் யாருமில்லை. அவர் மேலே ஏறிவிட்டார் என்று மோனிஷா நிதானமாகச் சொன்னாள். கதவு வழியாகப் போகவில்லையாம். கல் ஏற்றுகிற தொட்டியில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து போய்விட்டாராம். காளவாய்க்காரர்கள் இழுத்துவிட்டிருக்கிறார்கள். போனதைச் சொல்லாமல் மறைத்ததற்காக அன்றைக்கே வீட்டைக் காலி செய்து பொதுக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள்.

மகிழினி மூட்டை தூக்க வந்தாள். மனசு கேட்கவில்லை என்று சொல்லலாம், குற்றம் குறுகுறுத்தது என்றும் சொல்லலாம். மோனிஷா அவளை உள்ளே வரச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டில் அவளை உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நீதான் சொன்னியா?"

"ஆமாங்க்கா."

"சரி." மோனிஷா போர்வையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "உன் வேலை அது. நான் ஒண்ணும் சொல்லல. வள்ளிக்கு வலி எடுத்துருச்சா?"

"இன்னும் இல்லீங்க்கா."

மோனிஷா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். போர்வை மடியிலிருந்து நழுவியது. "எடுக்கலியா! அய்யோ மகிழு, ரெண்டு நாளு பொறுத்திருக்கக் கூடாதா?"

"என்னங்க்கா சொல்றீங்க?"

"வலி எடுக்கற அன்னிக்கு நானே ஆபீசுக்குப் போயி, இன்னிக்குத்தான் ஏறுனாருன்னு சொல்றதா இருந்துச்சு. சோடியா எழுதிக்குவாங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. முன்னாடியே தெரிஞ்சா எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்க, அன்னிக்கே சொன்னாத்தான் புள்ளைக்குப் போவும்னாரு. வலி எடுக்கற நேரத்துல தொட்டி கெடைக்குமோ கெடைக்காதோன்னு முன்னாடியே போயிட்டாரு."

மகிழினி கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள்.

"எம் பேரப்புள்ளைக்காங்க்கா? அண்ணன் எதுக்கு எம் பேரப்புள்ளைக்காவ...?"

"எதுக்கா?" மோனிஷா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எம் பையன் கணக்குல இல்லாம ஒரு சீசன் பூரா இந்தக் கட்டிலுக்கு அடியில கெடந்தான். நீ தெனமும் வந்து விரல் குடுத்துட்டுப் போன. மறந்துட்டியா? அவன் இப்ப மைசூருப் பக்கம் பொண்டாட்டி புள்ளையோட இருக்கறான். அவரு நெஞ்சுல ஒரு பக்கம் ஏற்கெனவே போச்சு மகிழு. மிச்சம் இருக்கற மூச்ச யாருக்காச்சும் நல்லவிதமாக் குடுத்துட்டுப் போறேன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" மகிழினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சொன்னா நீ விடுவியா? தராசு புடிக்கிறவகிட்டப் பொய்யக் குடுத்துப் பாரம் ஏத்தாதேன்னாரு. செரி, தட்டு கொறைஞ்சா சுண்ணாம்பு களைச்சிருச்சுன்னு நீ விட்டுருவேன்னு நெனைச்சோம். நீ தண்ணி ஊத்துவேன்னு யாரு கண்டா?"

மோனிஷா நழுவிய போர்வையை எடுத்து மூட்டையில் திணித்தாள். பிறகு மகிழினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த டப்பா சுண்ணாம்பு எதுக்குங்க்கா வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"அதுவா? வெத்தலைன்னு ஏதோ காஞ்ச எலைய மெல்லுவாரில்ல, அதுக்குத்தான். காளவாய்க்குப் போற மனுசன் கையில சுண்ணாம்பு டப்பா எடுத்துட்டுப் போறாரு. மலை மலையாக் குமிச்சு வெச்சிருக்கற எடத்துக்கு!"

மோனிஷா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மகிழினியும் அழுதாள். அன்றைக்கு அந்த வீட்டுத் தட்டு எவ்வளவு கனம் என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக் இறங்கி வந்தார். பெட்டி நிறைய ஸ்பானர். நல்ல மனிதர், எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அவர் கும்பிட்டபோது மகிழினியும் பதிலுக்குக் கும்பிட்டாள். கை தானாக எழுந்தது.

அவர் வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வள்ளிக்கு வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. பிறந்ததும் நன்றாக ஓங்கி அழுதது. மருத்துவச்சி குழந்தையைத் துடைத்துக்கொண்டே, "பெரிய நொரையீரலுடி யாத்தா, தட்டு தாங்காது" என்று வழக்கமான கேலியைச் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அங்கமுத்து வெளியே மகிழினியைப் பிடித்துக்கொண்டான். "அத்த, நான் ஏறிக்கறேன். எழுதச் சொல்லுங்க. மாமாவோட மூச்சுத்தான, புள்ளைக்கே போவட்டும்."

"வாய மூடுங்க மாப்ள. புள்ளைக்கு அப்பன் வேணும். நான் ஏறிக்கறேன்."

"நீங்க இல்லாம வள்ளி..."

"எனக்குத் தூக்கித் தூக்கிக் கை ஓஞ்சு போச்சு. அடுத்தவங்க மூச்சக் கணக்குப் பாத்தது போதும்." இதைச் சொல்லும்போது அவள் குரலில் தியாகம் எதுவும் இல்லை. அவளுக்கு உண்மையாகவே போதுமாகிவிட்டிருந்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. கத்திரி தொடங்கியிருந்த நேரம். ஆனால் பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது.

உள்ளே போய்க் குழந்தையை ஒரு தடவை மார்போடு அணைத்துப் பார்த்தாள். அது கொட்டாவி விட்டது. வள்ளி அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். குழந்தை சிணுங்கியது. வள்ளி வாயை மூடிக்கொண்டு, அம்மாவின் மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்தாள், விடவே இல்லை. மகிழினிதான் விரல் விரலாகப் பிரித்துவிட்டு வர வேண்டியிருந்தது.

நிவேதன் அவள் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"மழை வந்தா எறங்கிரலாங்க்கா" என்றான். அவனுக்கும் அவளுக்கும் தெரியும், அப்போது இடம் இருக்காது என்று. "தட்டு யாரு பாப்பாங்க?"

"மோனிஷாக்காவப் போடுங்க. ஆபீசுல தட்டுக்காரிக்குண்டான அறையையும் அவிங்களுக்கே குடுத்துருங்க. பொதுக்கூடத்துல அவிங்களுக்குத் தூக்கம் வராது."

"தண்டனை வாங்குனவங்களுக்கு வேலை குடுக்க..."

"தம்பி, சோடின்னு எழுதுங்க. சீக்கிரம்."

அவன் எழுதினான். ஆபீஸ் வாசலில் மோனிஷா நின்றிருந்தாள். மகிழினி தோளிலிருந்த கொக்கித் தராசைக் கழற்றி அவள் தோளில் மாட்டினாள். "அடியில விரல் குடுக்கறப்ப நடுவுல குடுங்க. ஓரத்துல குடுத்தா முள் ஆடிக் காட்டிக் குடுத்துரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள்.

ஆள் மட்டும் போகிற சின்னக் கதவு வழியாக வெளியே வந்ததும் வெளிச்சம் அறைந்தது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. காற்று நெருப்பில் காட்டிய துணியைப் போல முகத்தில் படிந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெள்ளையாகத் தெரிந்த திசையில் நடந்தாள். சுற்றிலும் கண்ணாடிப் பலகைகள் வெயிலை வாங்கிக் காளவாயின் வாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சுட்டுச் சுட்டுக் களைத்த சுண்ணாம்பு மலையாகக் குவிந்திருந்தது. அதன் நிழலில் கொட்டகை. வேலை நிறுத்திய நேரம் போலிருக்கிறது, ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் துண்டை மூடிப் படுத்திருந்தார்கள்.

ஒருவர் மட்டும் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். புருவம், மீசை, காது மடல் எல்லாம் சுண்ணாம்பு படிந்து வெளுத்திருந்தது. மடியில் ஒரு டப்பா. அவளைப் பார்த்ததும் இருமிக்கொண்டே எழப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்துகொண்டார்.

"மகிழு! பொறந்துருச்சா?"

அவர் உயிரோடு இருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"பொறந்துருச்சுங்கண்ணா. பொம்பளப்புள்ள."

"நல்லா அழுவுதா?"

"தட்டு தாங்காதுங்கற அளவுக்கு அழுவுதுங்க."

"அட்றா சக்க." கோகுல்நாத் கை தட்டினார். வெள்ளைத் தூள் பறந்தது. "எம் மூச்சு அதுக்குச் சேந்துருச்சா? சோடியா எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்கண்ணா" என்றாள் மகிழினி. "சோடியாத்தான் எழுதியிருக்குது."

"அப்பாடி" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக மென்றுகொண்டே இருந்தார். பிறகு மெல்லுவது நின்றது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வெறும் தோளைப் பார்த்தார். தராசு தொங்கித் தொங்கித் தேய்ந்த ரவிக்கை இடத்தைப் பார்த்தார். ஒன்று போனால் ஒன்று வரும், இரண்டு போகத் தேவையில்லை. இந்தக் கணக்கைப் போட அவருக்கு நேரமே ஆகவில்லை.

டப்பாவை எடுத்து மறுபக்கம் வைத்துவிட்டு, தலைக்கு மேல் தொங்கிய ஈரச் சாக்கை அவள் பக்கமாக இழுத்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார். மகிழினி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். யார் வீட்டுச் சுண்ணாம்பு என்று கேட்க அங்கே யாருமில்லை.